ஜீப்புக்குக் கட்டிய அரைஞாண்

அன்று சலாம் நானாவின் கராஜில் மூன்று பேர் இருந்தோம். நானா, நான், அவர். ஜீப்புக்கு இரும்பு பூட்டச் சொல்லி உத்தரவு போட்ட இணைப்பாளர் ஐயா இல்லை. அவருக்குக் கொழும்பில் கூட்டம். அந்த இரும்பு வேண்டும் என்று அழாக்குறையாகக் கேட்ட கமலா மிஸ்ஸியும் இல்லை. மருத்துவிச்சியான அவருக்கு எங்கோ ஒரு பிள்ளைப்பேறு. கரண்டும் இல்லை. கரண்ட் இல்லாதபடியால் வெல்டிங் இல்லை. பின்னால் நடந்த எல்லாம் அந்த வெல்டிங் இல்லாமற் போனதிலிருந்துதான் தொடங்கியது.

அவர் எங்கள் ஜீப்பின் சாரதி. அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. அவரே இதை எழுதியிருந்தால், முதல் வரியிலேயே தன் பெயர், தகப்பன் பெயர், அடையாள அட்டை இலக்கம், காலையில் சாப்பிட்டது எல்லாவற்றையும் எழுதி முடித்திருப்பார். எதையும் கேட்க முன்னம் சொல்லிவிடுகிற மனிதர்.

யுத்த காலம். திருகோணமலையில் ஒரு சிறிய நிவாரண நிறுவனம். ஏ.எல். முடித்துவிட்டு அதில் வெளிக்கள உதவியாளனாகச் சேர்ந்திருந்தேன். நிலாவெளியில் கரைவலை இழுக்கிற எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவனும், கதிரையில் இருந்து செய்கிற வேலைக்குப் போனவனும் நான்தான். கதிரை என்னவோ அந்த ஜீப்பின் முன் சீற்றாகத்தான் இருந்தது.

மருந்து, பால்மா, கமலா மிஸ்ஸி, இந்த மூன்றையும் ஏற்றிக்கொண்டு கிண்ணியாப் பாதையால் கடந்து, மூதூருக்கும் அப்பால், சோதனைச் சாவடிகளில் கடைசிச் சென்றியையும் தாண்டி இலங்கைத்துறைப் பக்கம் போவோம். பாதை என்று எங்கள் பக்கத்தில் சொல்வது றோட்டை அல்ல. ஆற்றுவாயில் வாகனங்களை ஏற்றிக் கடத்துகிற மிதவையை. ஒரு பாதையில் ஏறி இறங்கினால் கொஞ்சத் தூரம் றோட்டு, பிறகு இன்னொரு பாதை. கடைசிப் பாதையைக் கடந்து, இராணுவத்தின் கடைசிச் சென்றியையும் தாண்டினால் வருகிற, இயக்கத்தின் கையில் இருந்த பக்கத்தை அக்கரை என்போம். அங்கே றோட்டு என்று ஒன்று முன்பு இருந்ததாகச் சனம் சொல்லும்.

அப்படியொரு இடத்தில்தான் வெள்ளம் அரித்த பள்ளத்தில் ஜீப் சறுக்கி, வெட்டிவிட்ட மரமொன்றின் அடிக்கட்டையில் பக்கவாட்டாகக் குந்தியது. கதவுக்குக் கீழே இருக்கிற தகரம் மேலே நெளிந்து, இடப்பக்கத்துக் கதவுகள் இரண்டும் இறுகிவிட்டன. வலப்பக்கம் பள்ளத்தின் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. உள்ளே வலி கண்ட தாய் ஒருத்தி. அவளைப் பின்கதவால், பால்மாப் பெட்டிகளுக்கு மேலால், காலைப் பிடித்து இழுத்து எடுக்க வேண்டியிருந்தது. தாயும் பிள்ளையும் தப்பினார்கள். கமலா மிஸ்ஸி மட்டும் ஒஃபிசுக்கு வந்து, "அடுத்த முறை கதவு திறபடாட்டி நான் இந்த ஜீப்பில ஏறமாட்டன்" என்று கண்கலங்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்காகத்தான் இரும்பு. கதவுகளுக்குக் கீழே, இரண்டு பக்கமும், முன்சில்லடியிலிருந்து பின்சில்லடிவரை தடித்த பைப். அதைத் தாங்கச் சேசிஸிலிருந்து வெளியே நீளுகிற கால்கள். கல்லோ கட்டையோ குறுக்கிட்டால் தகரம் தப்பும். ஜீப் பைப்பில் குந்தும். பாரம் சேசிஸுக்குப் போகும்.

"தகரத்துல பூட்டினா அது வேஷம், சேசிஸ்ல பூட்டினாத்தான் காவல்" என்றார் சலாம் நானா, ஜீப்புக்குக் கீழே படுத்தபடி. வெல்டிங் இல்லாததால் கால்களைச் சேசிஸைச் சுற்றிக் கவ்வுகிற போல்ட்டுகளால் இறுக்கிக்கொண்டிருந்தார்.

"குழந்தைப்பிள்ளைக்கு அரைஞாண் கட்டுற மாதிரி" என்றார் அவர். "சறுக்கினாலும் இடுப்பில பிடிச்சுத் தூக்கலாம்." அன்றிலிருந்து அந்தப் பைப்புகளின் பெயர் அரைஞாண்தான்.

"கரண்ட் வரட்டும்" என்றார் நானா. "வந்ததும் நாலு வாயையும் தகடு வெச்சி அடைச்சித் தாரன். உப்புத் தண்ணி போனா உள்ளுக்கால தின்னுரும்."

"அடைக்க வேண்டாம் நானா."

"ஏன்?"

"ரெண்டு பக்கமும் அடைச்ச பைப்பைக் கொண்டுபோய்ச் சென்றியில நிண்டால், உள்ளுக்க என்ன எண்டு கேப்பாங்கள்."

"ஒண்டுமில்ல எண்டு சொல்லுங்க."

"கேட்ட பிறகு சொன்னால் அது வாக்குமூலம் நானா. கேக்க முன்னம் சொன்னால்தான் கதை."

"ஐயா அடைக்கச் சொல்லித்தான் சொன்னவர் அண்ணை" என்றேன் நான். சொன்னதைச் சொன்னபடி செய்ய வேண்டும் என்பதில் எனக்கு அந்த வயதில் பெரிய பிடிவாதம்.

"ஐயா சென்றிக்கு வாறவரோ?" என்று கேட்டுவிட்டு, கராஜின் பின்பக்கம் கிடந்த வேப்பங்கட்டையை எடுத்துச் செதுக்கத் தொடங்கினார். பைப்பின் வாய்க்கு அளவாக நாலு மூடிகள். நீர் புகாமல் ஒவ்வொன்றிலும் பழைய சைக்கிள் ரியூப்பைச் சுற்றினார். இழுத்தால் கழரும், அடித்தால் இறுகும். நாலாவது மூடியை அடித்துக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேலே பல்ப் எரிந்தது. நானா பல்ப்பைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார்.

"உங்கட மூடி முந்திட்டு மச்சான்."

பிறகு பைப்புக்குக் கீழே ஜெக் வைத்து ஜீப்பை அந்தரத்தில் தூக்கி, கதவைத் திறந்து பார்க்கச் சொன்னார். கதவு புது அலுமாரி மாதிரித் திறந்து மூடியது.

அவருடைய வாயைப் பற்றி ஊரில் பல கதைகள். தமக்கையின் மகளுக்கு மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தபோது, தேத்தண்ணி வர முன்னமே, "பிள்ளை தங்கமான பிள்ளை. ஆனா நித்திரையில பல்லு நறும்புவாள்" என்று சொல்லிவிட்டாராம். குசினிக்குள் தமக்கை தலையில் அடித்துக்கொண்டாளாம். மாப்பிள்ளையின் தாய், "இவ்வளவு சின்னக் குறையைச் சொல்லுற ஆக்களிட்டப் பெரிய குறை இருக்காது" என்று சொல்லிச் சம்பந்தத்தை முடித்துக்கொண்டு போனாராம். இன்னொரு செத்த வீட்டில், பிரேதத்தைத் தூக்குகிற நேரத்தில் முன்னால் வந்து, "இவற்ற குடை என்ர வீட்டில கிடக்கு. நாளைக்குக் கொண்டந்து தாறன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

ஆனால் ஊர் அவரிடம் எதையும் சொல்வதில்லை. "அவரிட்டச் சொன்னால் சென்றிக்குச் சொன்ன மாதிரி" என்பது எங்கள் ஒஃபிசிலும் வழங்கிய பேச்சு. யாருடைய மகன் எங்கே போனான், யார் கொழும்புக்குப் பாஸ் எடுத்தார்கள் என்று மெல்லிய குரலில் கதைத்துக்கொண்டிருப்போம். அவர் உள்ளே வந்தால் மழையைப் பற்றிக் கதைப்போம். அது அவருக்கும் தெரியும். "நான் வந்தாலே எல்லாருக்கும் தேத்தண்ணி ஆறிப்போகுது" என்று ஒருமுறை சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் என்னால் சேர முடியவில்லை.

ஏன் இப்படி என்று சலாம் நானாவிடம் ஒருநாள் கேட்டேன். நானா கையில் இருந்த கிறீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அவருக்கு ஒரு தம்பி இருந்தவன்" என்றார். "தேன் வெச்ச தகரப் பேணியோட சந்தியால வந்திரிக்கான். ஆமிக்காரங்க திற எண்டிருக்காங்க. தேன் பட்டு மூடி இறுகிப் போச்சி. திறக்க நேரமெடுத்திரிக்கி. அவங்க காத்திரிக்கல்ல." துணியை மடித்து வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினார். இத்தனை கதைக்கிற மனிதர் அந்தத் தம்பியைப் பற்றி ஒரு சொல்லும் என்னிடம் சொன்னதில்லை.

சென்றியில் அவரைப் பார்க்க வேண்டும். ஜீப் முழுதாக நிற்க முன்னமே கீழே குதித்துவிடுவார். பொனற்றைத் திறப்பார். எல்லாக் கதவுகளையும் திறப்பார். சீற்றைத் தூக்கிக் காட்டுவார். துறைமுகத்தில் லொறி ஓடிய காலத்தில் பழகிய சிங்களத்தில், "மாத்தயா, இது மருந்து, இது பால்மா, இது மிஸ்ஸி, இவன் படிச்ச பெடியன், இது என்ர சோத்துப் பார்சல், கீரி மீன் பொரியலும் பருப்பும், முட்டை இல்லை, மனுசி மறந்துபோனா" என்று பார்சலையும் விரிப்பார். கமலா மிஸ்ஸி வெட்கத்தில் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார்.

அரைஞாண் கட்டிய பிறகு அந்தக் கூத்தில் ஒரு காட்சி கூடியது. நாலு மூடிகளையும் தானே இழுத்தெடுத்து, "குனிஞ்சு பாருங்க மாத்தயா, அந்தப் பக்கம் கடல் தெரியும்" என்பார். முதல் நாள் ஒரு சிப்பாய் முன்பக்கத்தால் குனிந்து கண்ணை வைத்தான். அதே நேரத்தில் இன்னொருவன் பின்பக்கத்தால் குனிந்திருக்கிறான். "ஐயோ, உள்ளே ஒரு ஆமிக்காரன் இருக்கிறான்!" என்று முதலாமவன் கத்த, சென்றி முழுவதும் சிரித்தது. நான் அந்த இடத்தில் சிரித்தது அதுவே முதல் தடவை.

அரும்பு மீசை வைத்த சிப்பாய் ஒருவன் அவருக்குக் கதா மாமா என்று பெயர் வைத்தான். சிங்களத்திலும் கதா என்றால் கதைதான்; மாமா என்றால் மாமாதான். மொழிபெயர்க்கத் தேவையில்லாத அந்தப் பெயர் அவருக்குப் பிடித்துக்கொண்டது. போகப்போக, ஜீப்பைத் தூரத்தில் கண்டதும் அந்தச் சிப்பாய் கையை வீசத் தொடங்கினான். "போ, போ, கதா மாமா. நீ பார்சலை விரிச்சால் எனக்குப் பசிக்குது." அப்படிச் சொன்னாலும் அவர் இறங்கி மூடிகளைக் கழற்றிக் காட்டாமல் போகமாட்டார். பார்க்க ஆள் இல்லாமலே காட்டுவார். அவன் பைப்பைப் பார்க்கமாட்டான். இவரைப் பார்த்துச் சிரிப்பான்.

யாரும் பார்ப்பதில்லை என்பதைக் கமலா மிஸ்ஸியும் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அக்கரைக்குக் கொண்டுபோகத் தடை செய்த சாமான்களில் டோர்ச் பற்றரியும் ஒன்று. அங்கே கமலா மிஸ்ஸியின் பிள்ளைப்பேற்று அறை ஓலைக் கொட்டில். வெளிச்சத்துக்குப் போத்தல் விளக்கு. "விளக்கு வெளிச்சத்தில இரத்தம் கறுப்பாத்தான் தெரியும் தம்பி" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். "எங்கயிருந்து வருகுது எண்டு தெரியாது. கையால தடவித்தான் பாக்கிறது." பற்றரிக்கு அனுமதி கேட்டு இணைப்பாளர் ஐயா பல தடவை எழுதினார். மருந்துக்கு அனுமதி வந்தது. பற்றரிக்கு வரவில்லை. அந்த மாதத்தில் ஒரு தாய் விடிய முன்னம் இறந்துபோனாள். திரும்பி வரும்போது ஜீப்பில் கமலா மிஸ்ஸி தன் இரண்டு கைகளையும் மடியில் மலர்த்தி வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அதற்கு அடுத்த பயணம்.

கடைசிப் பாதையில் ஜீப்பை ஏற்றும்போது பலகை சாய்ந்து, பின்சில்லுகள் தண்ணீருக்குள் இறங்கித்தான் ஏறின. இப்படி நடந்தால் அவர் பைப்பின் பின்மூடியைக் கழற்றி உப்புத் தண்ணீரை வடியவிடுவார். அன்றும் குனிந்து, இடப்பக்கத்துப் பின்மூடியை இழுத்தார். தண்ணீர் வரவில்லை. விரலை உள்ளே விட்டார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். அவருடைய விரலோடு ஒரு துணி முனை வெளியே வந்தது. அதை அமத்திப் பார்த்தார். உருண்டையாக, வரிசையாக ஏதோ தடித்தது. நிமிர்ந்தார். பாதையின் கம்பியைப் பிடித்தபடி கமலா மிஸ்ஸி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நேரே வந்தார்.

"அண்ணை, அது டோர்ச் பற்றரி. மொத்தம்..."

"சொல்லாத பிள்ளை."

"வேற ஒருத்தருக்கும் இல்லை அண்ணை. என்ர அறைக்குத்தான். போன கிழமை அந்தத் தாய்..."

"நான் கேக்கேல்ல." மூடியை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டார். "நான் கேக்கேல்லை எண்டால் நீயும் சொல்லாத."

"உங்களிட்ட முதலே சொல்லியிருப்பன். ஆனா உங்கட வாய்..."

"தெரியும்" என்றார்.

ஆற்றைப் பார்த்தார். எறிந்துவிடப் போகிறார் என்று நினைத்தேன். எறிந்துவிட வேண்டும் என்று மனதுக்குள் மன்றாடினேன் என்பதுதான் சரி. பாதை இழுக்கிறவர்கள் மறுபக்கம் முகம் திருப்பி நின்றார்கள். கை நீட்டினால் தண்ணீர். அவர் துணி முனையை உள்ளே தள்ளினார். மூடியை வைத்து உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். பிறகு அந்த உள்ளங்கையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தார்.

பாதையிலிருந்து இறங்கிச் சென்றிவரை அதிக தூரமில்லை. அந்தத் தூரத்தில் அவர் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. ஜீப்பின் சத்தம் இவ்வளவு பெரியது என்பதை அன்றுதான் அறிந்தேன். பின்னால் கமலா மிஸ்ஸி உதடசைத்துக்கொண்டிருந்தார். வில்லூன்றிக் கந்தனைத்தான் கூப்பிட்டிருப்பார்.

சென்றியில் அரும்பு மீசைச் சிப்பாய்தான் நின்றான். எங்களைக் கண்டதும் சிரித்துக்கொண்டு, வழமைபோல், போ என்று கையை வீசினான். அவர் அப்படியே போயிருக்கலாம். எத்தனையோ வாகனங்கள் அப்படித்தான் போகும். ஆனால் அவருடைய கால் பிரேக்கை மிதித்தது; பழகிய கால். ஜீப் நின்றது. நின்ற ஜீப்பிலிருந்து அவர் இறங்கவில்லை. இரண்டு கைகளாலும் ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார்.

சிப்பாய் காத்திருந்தான். பொனற் திறபடவில்லை. கதவு திறபடவில்லை. வீசிய கையை இறக்கினான்.

"என்ன கதா மாமா, சுகமில்லையா?"

"ஓம்" என்றார். பிறகு, "இல்லை" என்றார்.

"மாமி சண்டையா?"

அவர் ஸ்ரியறிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"சரி, நீ இரு. இன்றைக்கு உனக்காக நான் திறக்கிறேன்" என்றான் அவன். அதில் சந்தேகம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. விளையாட்டாகவும் கொஞ்சம் இரக்கமாகவும்தான் சொன்னான். துவக்கைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, அவரைப் போலவே நடித்துக்கொண்டு, வலப்பக்கத்து மூடிகளை இழுத்தான். குனிந்தான். "கடல் தெரியுது மாத்தயா!" என்று அவருடைய குரலில் சொன்னான். அங்கே நின்ற மற்றவர்கள் சிரித்தார்கள். ஜீப்பைச் சுற்றி இடப்பக்கம் வந்தான். முன்மூடியைக் கழற்றினான். குனிந்தான். கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தான். பிறகு பின்பக்கம் போனான்.

துணிச் சுற்றை அவன் வெளியே இழுத்து நிமிர்ந்தபோது, வாய் இன்னும் திறக்கவில்லை. எதுவும் கேட்கவில்லை. அதற்குள் அவர் கதவைத் திறந்து இறங்கிவிட்டார்.

"நான்தான் வைச்சனான்" என்றார் சிங்களத்தில். "மிஸ்ஸிக்குத் தெரியாது. பெடியனுக்கும் தெரியாது. நான்தான்."

கேட்க முன்னமே சொன்னார். நான் அறிய அவர் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

அந்தச் சிப்பாய் துணிச் சுற்றைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தான். கோபம் பிறகுதான் வந்தது. "என்னிடமா?" என்று மட்டும் கேட்டான். பிறகு மற்றவர்கள் ஓடி வந்தார்கள். அவருடைய கைகளைத் தலைக்குப் பின்னால் கட்டவைத்து, முகத்தை மண்மூட்டைப் பக்கம் திருப்பி முழங்காலில் இருத்தினார்கள். துணிச் சுற்றை அவிழ்க்காமலே உள்ளே கொண்டுபோனார்கள்.

கமலா மிஸ்ஸி கதவில் கை வைத்தார். இறங்கிச் சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. முழங்காலில் இருந்த அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். முகம் மண்மூட்டையில் இருக்க, எங்களைத் திட்டுவது போன்ற குரலில் தமிழில் சத்தமாகச் சொன்னார்:

"இருக்கிற இடத்தில இரு! நீயும் போனால் அங்க பெத்துக்கொண்டு கிடக்கிறவளுக்கு ஆர்?"

"கதைக்காதே!" என்றான் அரும்பு மீசைக்காரன். அவரிடம் அப்படிச் சொன்ன முதல் ஆள் அவனாகத்தான் இருக்கும்.

கமலா மிஸ்ஸி கதவிலிருந்து கையை எடுத்தார்.

எங்களை விசாரித்து, பொழுது சாய முன்னம் திருப்பி அனுப்பினார்கள். அவர் வரவில்லை.

நிறுவனம் தன்னால் இயன்றதைச் செய்தது என்று ஐயா சொன்னார். இயன்றது அதிகமில்லை. சாரதி தன் எண்ணப்படி செய்தது என்று சொன்னால்தான் மருந்தாவது தொடர்ந்து போகும் என்றார். மருந்து தொடர்ந்து போனது. இனி வாகனத்தில் உட்குழிவான எதுவும் இருக்கக் கூடாது என்று ஐயா சொன்னதால், அரைஞாணைக் கழற்ற ஜீப்பைச் சலாம் நானாவிடம் கொண்டுபோனேன். நானா போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார்.

"அண்டைக்கு கரண்ட் கொஞ்சம் முந்தி வந்திருந்தா..." என்று தொடங்கினார். பிறகு ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, பைப்புக்குள் ஊதி மண்ணை வெளியேற்றினார். வேப்பங்கட்டை மூடிகளை எனக்குத் தெரியாமல் எங்கோ எடுத்து வைத்துவிட்டார்.

கமலா மிஸ்ஸி அக்கரைக்குப் போவதை நிறுத்தவில்லை. போத்தல் விளக்கோடுதான் வேலை செய்தார். சென்றியில் அவரை ஒவ்வொரு முறையும் இறக்கிச் சோதித்தார்கள். அரும்பு மீசைச் சிப்பாயை மாற்றிவிட்டார்கள். புதிய சாரதி கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற மனிதர். நல்ல சாரதி என்று எல்லோரும் சொன்னார்கள்.

மாரி போய், கோடை போய், அடுத்த மாரியும் தொடங்கிய பிறகு அவரை விட்டார்கள். செய்தி கேட்டு நானும் கமலா மிஸ்ஸியும் உவர்மலைச் சரிவில் இருந்த அவருடைய வீட்டுக்குப் போனோம். மனைவி படலையடியில் எங்களை நிறுத்தி மெல்லச் சொன்னார்:

"கேட்டால்தான் கதை, தம்பி. பசிக்குதோ எண்டு கேட்டால்தான் பசிக்குது எண்டுறார். கேக்காட்டி அப்பிடியே இருப்பார். நான் முந்தி இந்த மனிசன்ர வாய் எப்ப ஓயும் எண்டு கோயிலுக்கு நேந்தனான்." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அவர் கதிரையில் இருந்தார். மெலிந்திருந்தார். சுகமா அண்ணை என்று கேட்டேன். ஓம் என்றார். கமலா மிஸ்ஸி அவருக்கு முன்னால் நிலத்தில் இருந்து அழுதார். அழுது முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவராகவே வாயைத் திறந்தார்.

"எத்தினை?"

கமலா மிஸ்ஸிக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை.

"பற்றரி. எத்தினை வைச்சனீ பிள்ளை?"

"அண்ணை..."

"அங்க அதைத்தான் கேட்டவங்கள். எத்தினை? எந்தக் கடை? என்ன விலை? நான் நாலு எண்டனான். பிறகு ஆறு எண்டனான். ஒரு கடையைச் சொன்னன், அந்தக் கடையைப் பூட்டி ரெண்டு வருசமாம். வைச்சவனுக்கு எத்தினை எண்டு தெரியாதோ எண்டு கேட்டாங்கள். அப்ப வைச்சவன் ஆர் எண்டு கேட்டாங்கள். பிறகு திரும்பவும் முதலில இருந்து, எத்தினை?" வலது கையின் விரல்களை மற்றக் கையால் மூடிப் பிடித்தார். "அண்டைக்குப் பாதையில நீ சொல்ல வந்தனீ. நான்தான் விடேல்ல."

கமலா மிஸ்ஸி முகத்தைத் துடைத்தார். பிறகு சொன்னார்.

"எட்டு அண்ணை."

"எட்டோ?"

"ரெண்டு டோர்ச்சுக்கு, மாத்திப் போடவும் சேத்து எட்டு. மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு அங்கால இருக்கிற சின்னக் கடை. ஒண்டு பதினாறு ரூபா."

"எட்டு" என்றார். "மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு அங்கால. ஒண்டு பதினாறு." பள்ளிக்கூடப் பிள்ளை பாடமாக்குவது போல இன்னொருமுறை சொன்னார். "இனிக் கேட்டால் சொல்லலாம்."

"இனி ஆர் கேக்கப் போகினம்?" என்றார் மனைவி, குசினி வாசலில் நின்றபடி.

அவருக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை. என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீ படிச்சனீ. பெருக்கிச் சொல்லு. எல்லாமா எவ்வளவு?"

"நூற்றியிருபத்தெட்டு ரூபா, அண்ணை."